கண் காக்குமா, வேலி காக்குமா?

சில ஆண்டுகளுக்கு முன், கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து கமக்காரர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். "ஐயா, ஒரு வழக்குப் போடவேண்டும்" என்றார். யார்மேல் என்று வினவினோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "கிணறு என்னுடையதுதான் ஐயா" என்றார்.

மூன்று வயது மகளைத் தோட்டத்துக் கிணறு கொண்டு போயிருந்தது. அப்பொழுது தாய், இருபது முழத்துக்கு அப்பால், மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குக் கட்டு இல்லை. நிலமட்டத்தோடு வாய் திறந்து கிடந்தது. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார், தற்செயலான மரணம் என்று எழுதினார், போய்விட்டார். ஆனால் ஊர் அவ்வாறு எழுதவில்லை. "பெற்றவளுக்குக் கண் எங்கே போயிற்று?" என்று ஊர் கேட்டது. "என் மனுசிமேல் குற்றமில்லை என்று கோட்டிலே ஒரு கடுதாசி தருவார்களா ஐயா?" என்பதே அவர் கேட்க வந்த கேள்வி. அத்தகைய கடுதாசி எந்த நீதிமன்றிலும் கிடையாது. வெறுங்கையோடு அவரை அனுப்பினோம்.

அண்மையில் கண்டக்குழிக்குச் சென்றிருந்தபோது அம்மனிதரை மீண்டும் நினைக்க நேர்ந்தது. ஒருபுறம் வெங்காயமும் மிளகாயும் விளையும் மணற்றோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு, துரவு. மறுபுறம், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டாருக்கென எழுந்த விடுதிகள். கொழும்பிலும் பிறநாட்டிலும் பொருளீட்டுவோர் கட்டிய விடுமுறை வீடுகள். அவற்றுட் பலவற்றில் நீலக்கல் பதித்த நீச்சற்குளம். கமக்காரனின் கிணற்றுக்கும் கனவானின் குளத்துக்கும் ஒரே ஒற்றுமைதான் கண்டோம். இரண்டுக்கும் வேலியில்லை.

நீரால் இறப்பது விதியா?

நீரில் குழந்தை இறந்தால் விதி என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுதல் நம்மவர் வழக்கம். மலேரியாவையும் ஒருகாலத்தில் விதி என்றே சொன்னோம். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் அது பல்லாயிரம் உயிரைக் குடித்தது. 2016 இலோ, மலேரியா அற்ற நாடு இலங்கை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. விதி மாறியதா? இல்லை, மக்களும் அரசும் செய்த வேலை மாற்றியது.

அதே நிறுவனம் 2024 டிசம்பரில் நீரில் மூழ்கும் மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது அதன் கணக்கு. அவர்களுள் ஏறக்குறைய காற்பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட மரணங்கள் நடுத்தர, வறிய நாடுகளில் நேர்ந்தவை. அதாவது, செல்வம் படைத்த நாடுகள் தம் குழந்தைகளைக் காக்கும் வழியைக் கண்டுகொண்டன. நாம் இன்னும் காணவில்லை. 2021 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதனைப் பொருளாகக் கொண்டு தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக வகுத்தது. அத்தீர்மானத்தைக் கொண்டுவர முன்னின்ற நாடுகளுள் ஒன்று பங்களாதேசம், நம்மைப்போல் குளமும் கிணறும் வயலும் நிறைந்த நாடு.

ஓசையின்றி நேரும் சாவு

"பிள்ளை விழுந்தால் கத்தாதா? கத்தினால் ஓடிப்போய்த் தூக்கமாட்டோமா?" என்று கேட்பவர்கள் உண்மையை அறியாதவர்கள். சிறு குழந்தை நீரில் விழுந்தால் கத்துவதில்லை. மூச்சு விடுவதற்கே வாய் போதாதபோது கத்துவது எங்ஙனம்? வளர்ந்தவர்களைப்போல் கையை வீசி உதவி கேட்கவும் அதற்குத் தெரியாது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு உடலின் அளவை நோக்கத் தலை கனம் மிகுதி. விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தால் தலை முன்னே போகும், உடல் பின்னே போகும். சில நிமிடங்கள் காற்றின்றிப் போனால் மூளை கெடத் தொடங்குகின்றது. ஆழமும் வேண்டியதில்லை. குளியலறை வாளியும் அதற்குப் போதும்.

சில நிமிடம் என்பது என்ன? உலையில் அரிசி போடும் நேரம். தொலைபேசியில் ஒருவருக்கு மறுமொழி சொல்லும் நேரம். ஒரு பாத்தியிலிருந்து மறுபாத்திக்கு வாய்க்காலைத் திருப்பும் நேரம். அந்நேரம் முழுவதும் குழந்தைமேல் வைத்த கண் எடாதிருக்கும் தாய் உலகத்தில் எங்கும் இல்லை. மூன்று பிள்ளையும், அடுப்பும், தோட்டமும் உள்ள ஏழைத் தாய்க்கு அது எள்ளளவும் ஆகாத காரியம். ஆகாத காரியத்தைச் செய்யவில்லை என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று.

கண் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கண் அயரும் நேரத்தில் காப்பதற்கு வேறொன்று வேண்டும் என்கின்றோம். அதுவே வேலி.

வேலி எத்தகையது?

அவுஸ்திரேலியாவில் வீட்டு நீச்சற்குளங்கள் பெருகியபோது குழந்தை மரணங்களும் பெருகின. அந்நாட்டு மாநிலங்கள் சட்டம் இயற்றின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நீச்சற்குளச் சட்டம் 1992 ஆம் ஆண்டினது. அங்குள்ள விதிகளின் சாரம் எளிது. குளத்தைச் சுற்றி நாலடிக்குக் குறையாத தடுப்பு. கம்பிக்குக் கம்பி நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது. படலை தானே சாத்திக்கொள்ளவேண்டும். கொளுவியும் தானே விழவேண்டும். குழந்தையின் கை எட்டாத உயரத்தில் அஃது இருக்கவேண்டும். படலை குளத்தின் பக்கமாகத் திறவாது வெளிப்பக்கமாகவே திறக்கவேண்டும். ஏறி நிற்கத்தக்க நாற்காலியோ, பூச்சாடியோ, மரக்கிளையோ அருகில் இருத்தல் கூடாது.

இதில் ஒன்றை நம் வீட்டுக்காரர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும். "எங்கள் வளவைச் சுற்றி ஆறடி மதில் இருக்கின்றதே" என்பர். அம்மதில் அயலார் பிள்ளையைத் தடுக்கும். வீட்டுப் பிள்ளையைத் தடுக்குமா? மூன்று பக்கம் மதிலும் நாலாம் பக்கம் வீட்டுக் கதவும் கொண்ட குளத்தைவிட, நாற்புறமும் தனித்தடுப்புக் கொண்ட குளமே பாதுகாப்பானது என்பதை ஆய்வுகள் ஐயமறக் காட்டியுள்ளன. இறக்கும் குழந்தை பெரும்பாலும் மதிலேறி வந்த குழந்தை அன்று. வீட்டுக்குள்ளிருந்து இறங்கிச் சென்ற குழந்தை.

பிரான்சு நாடு 2003 ஜனவரியில் இயற்றிய சட்டத்தால், நிலத்தில் அமைந்த தனியார் குளங்களுக்குத் தடுப்பு, மூடி, கூடாரம், எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றுள் ஒன்றையேனும் கட்டாயமாக்கியது. ஐக்கிய அமெரிக்காவில், முன்னாள் வெளிநாட்டமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002 இல் நீர்த்தொட்டியின் வடிகால் உறிஞ்சியதால் அடியில் சிக்கி இறந்தாள். 2007 இல் அவள் பெயராலேயே சட்டம் பிறந்தது. பொதுக் குளங்களின் வடிகாலுக்கு உடல் ஒட்டிக்கொள்ளாத மூடி கட்டாயமாயிற்று. அமைச்சரின் பேத்திக்கும் கமக்காரனின் மகளுக்கும் நீர் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஒருத்தியின் பெயரால் சட்டம் பிறந்தது. மற்றவளின் பெயர் மரண விசாரணைப் பதிவேட்டோடு முடிந்தது. வேற்றுமை அங்கேதான்.

காவற்காரனின் பிள்ளை

நீச்சற்குளம் செல்வரின் கவலை, நமக்கென்ன என்று எமது கமக்கார வாசகர்கள் இப்பக்கத்தைத் திருப்பிவிடலாகாது. விடுமுறை வீட்டின் சொந்தக்காரர் ஆண்டில் பத்து நாள் வந்து தங்குவார். அவர் பிள்ளைகள் பட்டணத்தில் நீச்சல் பழகியவர்கள். எஞ்சிய நாளெல்லாம் அவ்வீட்டில் இருப்பவர் யார்? காவற்காரனும் அவன் மனைவியும் பிள்ளைகளும். பின்புறத்தில் ஓர் அறை, முன்புறத்தில் குளம். குளத்தின் நீரைத் துப்புரவாக்குவதற்குச் சம்பளம் உண்டு. அந்நீரினின்று அவன் குழந்தையைக் காக்கும் வேலிக்குப் பணம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும், புலம்பெயர்ந்தோர் கட்டும் மாளிகைகளிலும் இதே கதையாகலாம். கல் பதிக்கவும் விளக்குப் பூட்டவும் பணம் அனுப்புகின்ற அன்பர்களைக் கேட்கின்றோம்: கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உங்கள் வீட்டில் வேலியின்றிக் குளம் அமைக்க அந்நாட்டு அதிகாரிகள் உங்களை விடுவார்களா? அங்கே அடங்கி நடக்கும் விதியை இங்கே மறப்பது ஏன்?

சில விடுதிகளில் வேலிக்குப் பதிலாகப் பலகை மாட்டியிருக்கின்றார்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில்; சிலவிடத்துச் சிங்களத்தில். தமிழும் ஆட்சிமொழியென 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் சொல்லியும், தமிழ்பேசும் மக்கள் உழைக்கும் இடத்தில் தமிழ் எழுத்தில்லை என்பது நம் பழைய முறைப்பாடு. அதனை நாம் கைவிடப் போவதில்லை. ஆயினும் ஒன்று சொல்லுவோம். மூன்று வயதுக் குழந்தைக்கு எம்மொழியும் வாசிக்கத் தெரியாது. பலகை எத்தனை மொழியில் இருந்தாலும் அது வேலியாகாது.

சட்டம் என்ன சொல்கின்றது?

சட்டம் கற்றவர்கள் என்ற முறையில் இதனைச் சிறிது விரித்துரைத்தல் எம் கடன். சட்டமே இல்லை என்பது பிழை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில், பொதுத்தொல்லைகளை அகற்றும் 98 ஆம் பிரிவு இருக்கின்றது. பொதுவழியை அடுத்துள்ள குளத்தையோ, கிணற்றையோ, தோண்டிய குழியையோ, மக்களுக்கு ஆபத்து நேராவண்ணம் வேலியிடும்படி நீதவான் கட்டளையிடலாம். கிராம மக்கள் நால்வர் சேர்ந்து பொலிசாரிடம் முறையிட்டாலே இதனைத் தொடக்கலாம். இப்பிரிவு நம் ஊர்களில் எத்தனை முறை பயன்பட்டது? கைவிடப்பட்ட இறால் பண்ணைத் தொட்டிகள் புத்தளக் கடனீரேரியின் கரையெங்கும் கிடக்கின்றன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பண்ணைகள் பல பாழாயின. பாதையோரத்துத் தொட்டிகளுக்கு இக்கட்டளையைப் பெறத் தடையென்ன?

தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைப்பதை ஐந்தாண்டு வரை மறியலுக்குரிய குற்றமாக்குகின்றது. நம் நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டமும் இழப்பீடு கேட்க வழி விடுகின்றது. கவனமுள்ள குடும்பத் தலைவன் எதனை முன்னறிந்து தவிர்த்திருப்பானோ, அதனைத் தவிர்க்காதவன் பிழையாளி என்பது அதன் அளவுகோல். இங்கிலாந்தின் 1957 ஆம் ஆண்டுச் சட்டமோ, பெரியவர்களைவிடக் குழந்தைகள் கவனம் குறைந்தவர்களாயிருப்பர் என்பதை நிலத்துக்குரியவன் எதிர்பார்த்தே நடக்கவேண்டும் எனத் தெளிவாகச் சொல்கின்றது.

ஆனால் இவற்றின் குறையை மறைக்க மாட்டோம். 98 ஆம் பிரிவு பொதுவழியோடு நின்றுவிடுகின்றது. வளவுக்குள் இருக்கும் கிணற்றையும் குளத்தையும் அது தொடுவதில்லை. மற்றைய இரண்டும் குழந்தை இறந்தபின் பேசும் சட்டங்கள். கிணறு பெற்றவனுடையதாயின் அவையும் வாய் மூடும். எம்மிடம் வந்த கமக்காரருக்கு நாம் விடைசொல்ல இயலாமற் போனது இதனாலேதான். நமக்கு வேண்டுவது சாவுக்கு முன்னே பேசும் சட்டம்.

அதுவும் தானே நடவாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010 பெப்ரவரியில், ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க விரிவான கட்டளைகள் பிறப்பித்தது. துளையிடுமுன் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். சுற்றி முட்கம்பி வேலி இடவேண்டும். வாயை இரும்புத் தகட்டால் மூடவேண்டும். கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் இட்டு அடியிலிருந்து நிலமட்டம் வரை நிரப்பவேண்டும். அத்தனையும் தாளில் இருந்தன. ஒன்பது ஆண்டு கழித்து, 2019 அக்டோபர் 25 ஆம் நாள், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பாலகன் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நான்கு நாள் தமிழுலகம் முழுவதும் உறங்காது காத்திருந்தது; உயிரோடு அவன் வரவில்லை. மீட்புக்குக் கொண்டுவந்த இயந்திரங்களின் பெறுமதி எவ்வளவு! அந்தத் துளையை மூடியிருக்கக்கூடிய தகட்டின் விலை எவ்வளவு! கட்டளை இருந்தது, வீடுவீடாகச் சென்று பார்க்கும் கண் இல்லை. இப்பாடத்தை நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டுவன

1. ஏழாண்டு இடைவெளிக்குப்பின் 2025 மே 6 ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குப் பெற்றுச் சென்ற உறுப்பினர்களை நாம் கேட்கின்றோம்: துணைவிதி இயற்றும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கின்றதே! நாற்புறத் தடுப்பும் தானே சாத்தும் படலையும் காட்டாத நீச்சற்குள வரைபடத்துக்கு அனுமதியில்லை என்று கற்பிட்டியிலிருந்தே தொடங்கலாமே! கட்டிமுடிந்த குளங்களுக்கு ஓராண்டு தவணை கொடுங்கள். பின் சென்று பாருங்கள்.

2. கிணறுகளுக்குக் கட்டு எழுப்ப வேண்டும். ஆனால், கடனில் விதைத்துக் கடனில் அறுக்கும் கமக்காரன் தலையில் இதனையும் தண்டமாகச் சுமத்துவதை நாம் எதிர்ப்போம். விடுதிகளிடமிருந்து சபை பெறும் வருமானத்தில் ஒரு பங்கு கிணற்றுக்கட்டுக்கும் கம்பிவலை மூடிக்கும் மானியமாகட்டும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குடாநாட்டில் வந்து குடியேறிய மக்களின் குடியிருப்புக்கள் அப்பட்டியலில் முதலிடம் பெறட்டும். மானியம் வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். கிடுகும் பனைமட்டையும் நம் கையில் உள்ளவை. நெருக்கி வரிந்த நாலடி வேலியும், கொளுவியுள்ள படலையும் இரண்டுநாள் வேலை.

3. பங்களாதேசத்துக் கிராமங்களில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒருமணி வரை, குழந்தைகளை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலையங்கள் நடத்தினர். பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்களே அவற்றின் பொறுப்பாளர். அங்கு சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கும் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்ததாக ஆய்வு கூறிற்று. 2022 இல் அந்நாட்டு அரசே எண்ணாயிரம் நிலையங்களுக்கான திட்டத்தை ஏற்றது. நம் மாதர் சங்கங்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சபைகளும் இதனைச் செய்ய இயலாதா?

4. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். கடல் சூழ்ந்த குடாநாட்டிற் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருப்பது நமக்குப் பெருமையன்று. விருந்தினர் இல்லாத நாட்களில் விடுதிக் குளங்களை, பயிற்றுநர் காவலோடு, ஊர்ப்பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஆயின், நீந்தத் தெரியும் என்பதற்காகச் சிறு குழந்தையை நீரருகே தனியே விடலாகாது.

5. உயிர்ப்பிக்கும் முறையை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் பழகவேண்டும். நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் பிழை. உயிருக்குரிய நிமிடங்களை அவை வீணாக்கும். மூச்சில்லையேல் மல்லாத்திக் கிடத்தி, முதலில் ஐந்து முறை வாய்வழி மூச்சு ஊதி, பின் நெஞ்சின் நடுவை முப்பது முறை அழுத்துவதும் இருமுறை ஊதுவதுமாக, உதவி வரும்வரை நிறுத்தாது செய்தல் வேண்டும். மற்றொருவர் அதே வேளையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கட்டும்.

"நாங்களெல்லாம் கட்டில்லாக் கிணற்றடியில் வளரவில்லையா?" என்பார் இருக்கின்றனர். வளர்ந்தவர்கள் பேசுகின்றார்கள்; வளராது போனவர்கள் வந்து பேசுவதில்லை. "என் வளவில் வேலியிடச் சொல்லச் சபைக்கு என்ன உரிமை?" என்பாரும் உளர். மலக்கூடம் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கவேண்டும் என்று சபை சொல்லும்போது ஏற்றுக்கொள்கின்றீர்களே! நோயைத் தடுக்கத் தலையிடலாம், சாவைத் தடுக்கத் தலையிடலாகாது என்பது எந்த நியாயம்?

அன்று எம்மிடம் வந்த கமக்காரர் இப்பத்திரிகையை வாசிப்பவராயின், அவர் கேட்ட கடுதாசி இதுவே என்று கொள்ளட்டும். உம் மனைவிமேல் குற்றமில்லை. கட்டில்லாக் கிணற்றைக் கண்டும் காணாது போன ஊர்மேலும், சட்டம் இயற்றாத சபைகள்மேலும், இத்தனை நாளும் இதனை எழுதாதிருந்த எம்மேலும் குற்றம் உண்டு. எம் பங்கிற்கு, பாதையோரக் கிணறு, தொட்டி பற்றி 98 ஆம் பிரிவின்கீழ் முறையிட விரும்பும் எந்தக் கிராமத்தாருக்கும் கூலியின்றி மனு எழுதித்தர ஆயத்தமாயிருக்கின்றோம். வாசகர்களின் பங்கு, இன்று பொழுதுபடுமுன் தத்தம் வளவுக் கிணற்றடிக்குச் சென்று ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார்ப்பது. பார்த்தவர்கள் நாளைக்கே வேலியடைக்கத் தொடங்குவார்கள் என்பது எம் நம்பிக்கை.